பதில் வந்து சேராத தூரம்

தாமுவே, ரங்கூன்
8 ஜனவரி 1922

அன்புத் தம்பி அமிர்தநாதனுக்கு அக்காள் இருதயம்மாள் எழுதிக்கொண்டது.

சர்வேசுரன் கிருபையால் நானும் ரோஸும் சுகம். அந்தக் குளிர் தேசத்தில் நீ சுகமாயிருக்கத் தேவமாதாவை மன்றாடுகிறோம். மூன்று ராஜாக்கள் திருநாள் பூசை முடிந்து வந்தபோது தபால்காரர் உன் கடிதத்தோடு வாசலில் நின்றார். அன்றைக்கு அதுதான் எங்களுக்கு விருந்து.

நீ கப்பலேறி ஆறு வருஷம் முடிந்துவிட்டது. அப்போது என் வயிற்றில் இருந்தவள் இப்போது கன்னியாஸ்திரீகள் பள்ளியில் முதல் வகுப்பு. நானும் அங்கேதான் சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கிறேன். இருவரும் சேர்ந்தே போய் வருகிறோம். மாமா செய்யும் ஆகாய விமானத்துக்கு எத்தனை இறக்கை என்று கேட்கிறாள்.

போன வாரம் ஒரு பிள்ளை அவளிடம், "ஒங்க அப்பா குடிச்சுட்டுப் போயி பாய்லர வெடிக்க வச்சாராமே" என்று கேட்டிருக்கிறது. அவள் என்னிடம் வந்து, "நெசமாம்மா?" என்றாள். உன் அத்தான் கள்ளுக்கடை வாசலை மிதித்தவரில்லை என்று சொன்னேன். ஆனால் ஆற்றுக்கு அக்கரை டாலா கப்பல் பட்டறையின் விசாரணைக் காகிதத்தில் வேறு மாதிரியல்லவா இருக்கிறது. நீராவி மிஞ்சினால் தானே திறக்கிற வால்வை, குடிமயக்கத்தில் ஆரோக்கியநாதனே கம்பியால் கட்டிவிட்டார், அது வெடித்துச் செத்தார் என்று. அதைப் படித்துப் படித்து, சில நாள் எனக்கே சந்தேகம் வந்துவிடுகிறது.

நீ அன்று அவரோடு பட்டறையில் இருந்தாய். காலையில் அவர் எப்படி இருந்தார், என்ன பேசினார் என்று பிள்ளைக்கு இரண்டு வரி எழுது. நான் சொல்வதைவிட நீ சொன்னால் நம்புவாள்.

உடம்பைப் பார்த்துக்கொள். 
அக்காள் இருதயம்மாள்

•

லாங் ஐலண்டு, நியூயார்க்
2 மார்ச் 1922

என் பிரிய அக்காளுக்கு அமிர்தநாதன் பணிவோடு எழுதுவது. நான் சுகம். நீங்களும் ரோஸும் சுகமென்று அறிந்து மனம் ஆறினேன். இங்கே இன்னும் பனி உருகவில்லை.

ரோஸ் கேட்டதற்குப் பதில்: நாலு இறக்கை. மேலே இரண்டு, கீழே இரண்டு. நாலும் மரமும் துணியும்தான். ஒரு தச்சன் செய்யக்கூடியதுதான் என்று அவளுக்குச் சொல்லுங்கள்.

முன்பொரு கடிதத்தில் எங்கள் கம்பெனி கதையைக் கேட்டிருந்தீர்கள். கார்விக் என்பவர் இந்தக் குடாக்கரையில் படகு கட்டிக்கொண்டிருந்தார். ஹோல்ட் என்ற இஞ்சினீயர் ஒருநாள் சுருட்டிய வரைபடங்களோடு வந்தாராம். படகுக் கொட்டகையிலேயே முதல் விமானத்தைச் செய்து முடித்தார்கள். வெளியே எடுக்கச் சுவரை இடிக்க வேண்டியிருந்தது. கார்விக்-ஹோல்ட் கம்பெனி அப்படித்தான் பிறந்தது. நான் சொல்லாமல் கொள்ளாமல் கப்பல் வேலையை விட்டிறங்கி அலைந்தபோது கார்விக் துரை என் கையைத் திருப்பிப் பார்த்து, "உளி பிடிச்ச கை" என்றார். காகிதம் எதுவும் கேட்கவில்லை.

யுத்தம் வந்ததும் பட்டாளத்துக்காரர்கள் ஓட்டிப் பழகுவதற்கு நூறு விமானம் கேட்டார்கள். முந்நூறு பேர் வேலை செய்தோம். பெண்கள் வரிசையாக உட்கார்ந்து இறக்கைக்குத் துணி தைப்பார்கள். துணிமேல் பூசும் வார்னிஷ் வாழைப்பழம் போல மணக்கும். யுத்தம் முடிந்ததென்று கோயில் மணியெல்லாம் அடித்த அதே வாரம், போதும் நிறுத்து என்று தந்தி வந்தது. அறுபது இறக்கைகளை முற்றத்தில் போட்டுக் கொளுத்தினோம். அந்த மாதமே விஷக்காய்ச்சலில் ஹோல்ட் இறந்துபோனார்.

அவர் கடைசியாக வரைந்தது ஓர் ஆள் உட்காரும் சண்டை விமானம். மூன்று செய்து கொடுத்தோம். பட்டாளத்தார் ஓட்டிப் பார்த்து, இதைப் போல் பார்த்ததில்லை என்றார்கள். பிறகு ஐம்பது வேண்டுமென்று ஊர் முழுதும் விலை கேட்டார்கள். வேறொரு பெரிய பாக்டரி குறைத்துச் சொன்னது. வாங்கிய பிறகு வரைபடம் சர்க்கார் சொத்தாம். ஒரு லாரி வந்து ஹோல்டின் வரைபடங்களை ஏற்றிக்கொண்டு போயிற்று. கார்விக் துரை வாசலில் தொப்பியைக் கழற்றிப் பிடித்துக்கொண்டு நின்றார், சவ ஊர்வலத்துக்கு நிற்பதுபோல.

இப்போது முப்பத்தெட்டுப் பேர் இருக்கிறோம். இரண்டு ஆள் உட்காரும் புது விமானம் ஒன்றின் வேலை நடக்கிறது. கோடையில் பட்டாளத்தாரின் பரீட்சை. அது தேறினால் கம்பெனி பிழைக்கும்.

அத்தானைப் பற்றி ரோஸுக்குப் பிறகு எழுதுகிறேன். 
தம்பி அமிர்தநாதன்

•

தாமுவே
25 ஏப்ரல் 1922

அன்புத் தம்பிக்கு, நாங்கள் சுகம். உன் சுகத்துக்கு உயிர்ப்புத் திருநாளில் மெழுகுதிரி ஏற்றினோம். பர்மாக்காரர்களின் தண்ணீர்ப் பண்டிகை முடிந்து, பக்கத்து வீட்டு மா தின் ஊற்றிய தண்ணீரில் ரோஸுக்கு மூன்று நாள் சளி. இப்போது தேவலை.

உன் கம்பெனிக் கதையை அவளுக்கு இரண்டு முறை படித்துக் காட்டினேன். இறக்கையைக் கொளுத்திய இடத்தில் அழுதாள்.

போன ஞாயிறு கோயிலுக்குப் போகும் வழியில் டாலா பட்டறைத் துரையைக் கண்டேன். காரை நிறுத்தி உன்னை விசாரித்தார். உனக்குக் கப்பலில் தச்சன் வேலை வாங்கிக்கொடுத்த மனுஷர். நன்றி மறக்கக்கூடாதென்று ரோஸையும் கும்பிடச் சொன்னேன். அவருக்காகவும் தினம் ஒரு அருள்நிறை மந்திரம் சொல்லுகிறோம். அத்தானோடு வேலை செய்த குழந்தைவேலுவும் முகைதீனும்தான் படகுத்துறையில் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். குடிகாரன் பெண்டாட்டி என்று நினைக்கிறார்களோ என்னவோ.

பிறகு எழுதுகிறேன் என்றாயே, அதற்காக ரோஸ் காத்திருக்கிறாள்.
அக்காள்

•

லாங் ஐலண்டு
10 ஜூன் 1922

பிரிய அக்காளுக்கு, சுகம். உங்கள் சுகத்துக்கு எழுதவும்.

வேலை கழுத்தை நெரிக்கிறது. பரீட்சைக்கு இன்னும் இரண்டு வாரம். இறக்கைப் பட்டறையில் ஓல்சன் மேஸ்திரிக்குக் கீழே பசை கலக்குகிற வேலை எனக்கு. பால் கட்டித் தூளும் சுண்ணாம்பும் தண்ணீரும் சேர்த்துக் கலக்குவது. நாலு மணி நேரத்துக்குள் பூசிவிட வேண்டும். பிறகு இறுக்குக் கட்டை போட்டு மறுநாள் வரை தொடக்கூடாது. ஓல்சன் நார்வே தேசத்துப் படகுத் தச்சர். கறாரான மனுஷர். என்னைப் பேர் சொல்லி முழுதாகக் கூப்பிடுகிறவர் இங்கே அவர் ஒருவர்தான்.

டாலா துரைக்கு நீங்கள் ஜெபம் சொல்ல வேண்டியதில்லை.

நேரமில்லை. மன்னிக்கவும்.
அமிர்தநாதன்

•

லாங் ஐலண்டு
16 ஜூலை 1922

அக்காளுக்கு, உங்கள் பதிலுக்குக் காத்திராமல் எழுதுகிறேன். உடம்புக்கு ஒன்றுமில்லை.

பரீட்சையின் மூன்றாம் நாள் விமானம் விழுந்தது. மேலிருந்து சரிந்து திரும்பும்போது கீழ் இறக்கை ஒன்று தோல் உரிவதுபோல் உரிந்து வந்தது. ஓட்டிய லெப்டினென்டுக்கு இருபத்தாறு வயது. அவருடைய மனைவி எங்களோடு கொட்டகை நிழலில்தான் நின்றுகொண்டிருந்தார். விமானம் விழுந்த பிறகும் அந்த அம்மாள் கையை நெற்றியில் வைத்து மேலேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

பசை பிடிக்கவில்லை என்று கண்டுபிடித்துவிட்டார்கள். ஓல்சன் மேஸ்திரியின் தப்பு என்று பேச்சு. அந்த இறக்கைக் காகிதத்தில் அவர் கையெழுத்து இருக்கிறது.

நடந்தது எனக்குத் தெரியும். பரீட்சைக்கு நாளில்லையென்று கார்விக் துரை வந்து, காலையில் கலக்கிய பசை கெட்டிப்பட்டபோது தண்ணீர் விட்டு இளக்கச் சொன்னார். மூன்று மணி நேரத்தில் இறுக்குக் கட்டையைக் கழற்றச் சொன்னார். ஓல்சன், "இது நிக்காது, நான் செய்ய மாட்டேன்" என்றார். "ஒன்னால முடியலேன்னா அவன் செய்யட்டும்" என்று துரை என்னைக் காட்டினார். தண்ணீர் ஊற்றியது நான். கம்பெனி மூடிப்போகுமென்று எல்லாரும் கெஞ்சியதால் ஓல்சன் கடைசியில் கையெழுத்துப் போட்டார். ஓல்சனைத் தவிர, துரை பேசியதைக் கேட்டவன் நான் ஒருவன்தான்.

ஆகஸ்டு 21ஆம் தேதி பட்டாளத்து விசாரணை. என்னையும் கூப்பிட்டிருக்கிறார்கள். நேற்று துரை என் தோளில் கை வைத்து, "ஒன் கப்பல் காகிதத்த யாரும் கேக்காம நான் பாத்துக்குறேன்" என்றார்.

நான் என்ன செய்யட்டும், அக்கா? நீங்கள் சொல்கிறபடி செய்கிறேன்.
அமிர்தநாதன்

•

தாமுவே
4 செப்டம்பர் 1922

தம்பிக்கு, உன் கடிதம் நேற்று வந்தது. நாங்கள் சுகமாகவே இருக்கிறோம்.

தேதியைப் பார்த்தேன். விசாரணை முடிந்து பதினான்கு நாளாகிறது. உன் கடிதம் இங்கே வர ஏழு வாரம், என் பதில் அங்கே வர ஏழு வாரம். ஆறு வருஷமாக நீ தபாலுக்கு நாள் எண்ணுகிறவன். என்னைக் கேட்கும்போதே, பதில் வந்து சேராது என்று உனக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்டாய்.

ஆனாலும் கேட்டாய், அதனால் சொல்லுகிறேன். பேசு. விசாரணை முடிந்திருந்தாலும் போய்ப் பேசு. உன் அத்தானுக்காக அன்று ஒரே ஒரு ஆள் வாயைத் திறந்திருந்தால், என் பிள்ளையிடம் இன்னொரு பிள்ளை அப்படிக் கேட்டிருக்காது. அந்த ஓல்சனுக்கும் வீட்டில் யாராவது இருப்பார்கள்.

நீ பேசியிருப்பாய் என்று நம்பி நவநாள் செபம் தொடங்கியிருக்கிறேன். தாமதமில்லாமல் எழுது.
அக்காள்

•

தாமுவே
20 நவம்பர் 1922

தம்பிக்கு, மூன்று தபால் கப்பல் வந்துபோய்விட்டது. உன்னிடமிருந்து ஒன்றுமில்லை. சுகமில்லையோ என்று பயமாயிருக்கிறது. ஆத்துமாக்கள் திருநாளில் அத்தான் கல்லறைக்கு நானும் ரோஸும் மட்டும் போனோம். புல் மண்டியிருந்தது, பிடுங்கினோம். ஒரு வரியாவது எழுது.
அக்காள்

•

புரூக்ளின், நியூயார்க்
30 டிசம்பர் 1922

அக்காளுக்கு, உயிரோடிருக்கிறேன்.

விசாரணையில் மூன்று பட்டாளத்து அதிகாரிகள் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள். பசை கலக்கும்போது யாராவது உத்தரவு கொடுத்தார்களா என்று கேட்டார்கள். ஓல்சன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு இங்கிலீஷ் சரியாக வராது, ஒன்றும் கேட்கவில்லை என்றேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். மேஸ்திரியின் கவனக்குறைவு என்று முடித்துவிட்டார்கள்.

அப்படியும் கம்பெனி பிழைக்கவில்லை. பட்டாளம் அந்த விமானத்தை வேண்டாமென்றுவிட்டது. அக்டோபரில் வாசலைப் பூட்டினார்கள். இப்போது அந்தக் கொட்டகையில் ஐஸ் பெட்டி செய்கிறார்கள். நான் இங்கே பெட்டி செய்யும் ஒரு தச்சனிடம் கூலிக்கு இருக்கிறேன்.

உங்கள் செப்டம்பர் கடிதம் கையில் கிடைத்து இரண்டு மாதத்துக்கு மேலாகிறது. நீங்கள் சொன்னது சரி. தெரிந்துதான் கேட்டேன்.

ரோஸுக்கு என் முத்தம்.
அமிர்தநாதன்

•

தாமுவே
20 பிப்ரவரி 1923

தம்பிக்கு, நாங்கள் இருக்கிறோம்.

உன் ஜூலைக் கடிதத்தையும் இதையும் பக்கத்தில் வைத்துப் படித்தேன். கப்பல் காகிதத்தைக் காட்டிக் கார்விக் உன் வாயை அடைத்தார் என்ற இடத்தில் மேலே படிக்க முடியவில்லை.

உன் அத்தானை அடக்கம் பண்ணிய பத்தாம் நாள் டாலா துரை உனக்குக் கப்பல் வேலை வாங்கிக்கொடுத்தார். இரக்கத்தால் செய்தார் என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். அவருக்காக ஜெபிக்க வேண்டாம் என்று நீதான் எழுதினாய்.

ஏன் கொடுத்தார்?
இருதயம்மாள்

•

புரூக்ளின்
15 ஏப்ரல் 1923

அக்காளுக்கு,

அன்று காலை அத்தான் குடிக்கவில்லை. சம்பான் படகில் ஆற்றைக் கடக்கும்போது, பிள்ளை பெண்ணாகப் பிறந்தால் ரோஸ் என்று பேர் வைக்க வேண்டுமென்று சொல்லிக்கொண்டு வந்தார். ஞானஸ்நானத்தில் நீங்கள் அந்தப் பேரே வைத்ததாக எழுதியபோது, கப்பலில் அந்தக் கடிதத்தை மடித்துப் பெட்டியின் அடியில் போட்டுவிட்டேன்.

லாஞ்சுப் படகின் பாய்லரைச் சாயங்காலத்துக்குள் சோதித்துக் கொடுக்க வேண்டுமென்று துரைக்கு அவசரம். வால்வு சீக்கிரம் திறந்துகொண்டதால் நீராவி ஏறவில்லை. கம்பி போட்டுக் கட்டு என்றார். அத்தான், "கட்டினா வெடிச்சிரும் தொரை, வேணாம்" என்றார். இரண்டு தடவை சொன்னார். துரை என் பக்கம் திரும்பினார். எனக்குப் பத்தொன்பது வயது. கட்டினேன். இறுக்கித்தான் கட்டினேன். துரை அந்தப் பக்கம் போனதும், "டே, நீ வெளிய போ, நான் அவுத்துடுறேன்" என்று என்னைப் பிடித்துத் தள்ளிவிட்டு அத்தான் உள்ளே போனார். நான் வாசலுக்கு வந்தபோது வெடித்தது.

அடக்கத்துக்கு மறுநாள் துரை என்னைக் கூப்பிட்டு, கம்பி கட்டியவனைத் தூக்கில் போடுவார்கள் என்றார். ஊரை விட்டுப் போனால் ஒருவரும் கேட்கமாட்டார்கள் என்றார்.

இதைத் துரையின் பேரோடு இங்கிலீஷில் எழுதி, நோட்டரி முன்னால் கையெழுத்துப் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன்.

போன மாதம் ஓல்சனைத் தேடிப் போனேன். ஒரு துறைமுகக் கிட்டங்கியில் மூட்டை எண்ணிக்கொண்டிருந்தார். தச்சு வேலை ஒருவரும் கொடுப்பதில்லையாம். எல்லாவற்றையும் சொன்னேன். மூட்டை எண்ணுவதை நிறுத்தி, "கம்பெனியே இல்ல அமிர்தநாதன், இத இப்போ யாருகிட்ட சொல்லப்போற?" என்றார். பட்டாளத்து ஆபீசுக்குப் போய் எழுதிக் கொடுத்தேன். வாங்கி வைத்துக்கொண்டார்கள். விசாரணைக் கட்டு மூடியாயிற்று என்றார்கள். கப்பலை விட்டு ஓடியவன் என்பதையும் அதிலேயே எழுதிவிட்டேன். எப்போதாவது வந்து பிடித்து ரங்கூனுக்கு அனுப்பலாம்.

நீங்கள் வா என்றால் மட்டும் உங்கள் வாசலுக்கு வருவேன்.
அமிர்தநாதன்

•

தாமுவே
28 ஜனவரி 1924

அமிர்தநாதனுக்கு,

ஏழு மாதமாக எழுதவில்லை. எழுத உட்காரும்போதெல்லாம் அன்புத் தம்பி என்ற முதல் இரண்டு சொல்லிலேயே கை நின்றுவிடும். இன்று அதை எழுதாமல் தொடங்கிவிட்டேன்.

மழை விட்டதும் உன் காகிதத்தை எடுத்துக்கொண்டு டாலா பட்டறைக்குப் போனேன். துரை போன ஆனியில் வேலையை விட்டுத் தன் தேசத்துக்கே போய்விட்டார். குமாஸ்தா இனாயத்துல்லா பழைய ரிஜிஸ்தரைத் தேடி எடுத்தார். குடிமயக்கம், சொந்தக் கவனக்குறைவு என்று ஒரே வரி. "இதுல ஒரு எழுத்தக்கூட நான் மாத்த முடியாதும்மா. ஆனா ஒங்க காகிதத்த இதே பக்கத்துல வச்சுத் தச்சுடுறேன். எடுக்குறவன் படிக்கட்டும்" என்றார். எனக்கு ஒரு நகல் வைத்துக்கொண்டு கொடுத்துவிட்டேன்.

திரும்பும்போது படகுத்துறையில் குழந்தைவேலுவும் முகைதீனும் நின்றார்கள். வழக்கம்போல் திரும்பிக்கொண்டார்கள். நான் போய் முன்னால் நின்று, நீ தமிழில் எனக்கு எழுதியதை அங்கேயே உரக்கப் படித்தேன். சம்பான்காரர்களும் நின்று கேட்டார்கள். படித்து முடித்தும் இருவரும் நிமிரவில்லை.

முகைதீன்தான் பேசினார். "தெரியும்மா. தொரை சொன்னதும் தெரியும், தம்பி கட்டுனதும் தெரியும். நாங்க அந்தப் பக்கம்தான் நின்னோம்."

"அப்புறம் ஏன் சொல்லல?"

"புள்ளகுட்டிக்காரங்கம்மா. ஒங்க மூஞ்சியப் பாக்க முடியாமத்தான் திரும்பிக்குவோம்."

குடிகாரன் பெண்டாட்டி என்று அவர்கள் என்னை வெறுப்பதாக எட்டு வருஷம் நினைத்திருந்தேன். பட்டறை முழுதுக்கும் தெரிந்திருக்கிறது. எனக்கு மட்டும்தான் தெரியாது. அவரைப் பற்றி எனக்கே சந்தேகம் வந்த நாட்களை நினைத்தால்தான் ஆறவில்லை. உன் கம்பி அவரை ஒரு தடவை கொன்றது. அந்தச் சந்தேகத்துக்கு நான் யாரிடம் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்வது?

மன்னித்தாயா என்று நீ கேட்கவில்லை. கேட்காததே நல்லது. என்னிடம் இப்போது அதற்குப் பதில் இல்லை. ஆனால் வா. அவர்கள் பிடித்து அனுப்பும்வரை காத்திராதே, நீயாகக் கப்பலேறி வா. வந்து டாலா படகுத்துறையில் ரோஸ் பக்கத்தில் நிற்க, உன் வாயால் சொல். அதற்குப் பிறகு நீ எங்கே இருப்பாய் என்பதை நான் இப்போது யோசிக்கவில்லை.

அவளுக்கு எட்டு வயது முடிந்தது. நேற்று எல்லாவற்றையும் சொன்னேன். ஜன்னலோரம் போய் உட்கார்ந்தாள்.

"மாமா கெட்டவராம்மா?" என்று கேட்டாள்.

"பயந்தவரு" என்றேன்.

"அப்பா பயப்படவே இல்லையா?"

"அப்பாவும் பயந்திருப்பாரு. ஆனா, வேணாம்னு ரெண்டு தடவ சொன்னாரு. அப்புறம் அத அவுக்க உள்ள போனாரு" என்றேன்.

இன்று காலை பள்ளிக்குப் போனதும், முன்பு அவளைக் கேட்ட அந்தப் பிள்ளையைத் தேடிப் போய் இதைச் சொல்லிவிட்டு வந்தாள்.

இருதயம்மாள்